அழைப்பு யாருக்குச் சென்றது?

இணையவழிக் கருத்தாய்வுக்கு மின்னஞ்சல் அழைப்பு அனுப்பிவிட்டு மறுமொழிக்குக் காத்திருக்கும் ஆய்வாளர்கள் கிரியர்சனை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். 1890களில் இந்திய மொழிகளின் அளவாய்வைத் தொடங்கிய அவர், ஊதாரி மைந்தன் உவமையையும் ஒரு சொற்பட்டியலையும் மாவட்ட அதிகாரிகளுக்கு அனுப்பி, உள்ளூர் வழக்கில் பெயர்த்துத் தரக் கோரினார். அரசாணையின் பின்பலம் இருந்ததால் விடைகள் குவிந்தன. நம் மின்னஞ்சலுக்கு அந்த வலிமை இல்லை; மறுக்கும் உரிமை பெறுநருக்கு உண்டு என்பதால் அது நன்றே.

ஆனால் அவருடைய கோரிக்கை பேசுநரின் கைக்கு நேரடியாகச் செல்லவில்லை. மொழிக்குப் பெயர் சூட்டியவரும் பெரும்பாலும் அயலாரே. இதைக் கிரியர்சனே ஒப்புக்கொண்டிருக்கிறார். சென்னை மாகாணமோ அளவாய்வின் எல்லைக்குள்ளேயே வரவில்லை. 1906இல் வெளிவந்த நான்காம் தொகுதியில் தமிழ் இடம்பெற்றது. எனினும் இம்மாகாணத்தின் வட்டார வழக்குகள் மாவட்டந்தோறும் திரட்டப்படவில்லை. கேட்கப்படாதவர்களின் மௌனத்தை மறுமொழி விகிதம் காட்டாது.

என் பெறுநர் பட்டியலும் பல்கலைக்கழகத் துறைகளிலிருந்து திரட்டியதுதான். ஆகவே என் ஆய்வேட்டில் ‘தமிழ் பேசுவோர்’ என்றிருந்த இயல் தலைப்பை நேற்று ‘மின்னஞ்சல் பயன்படுத்தும் தமிழ்ப் பட்டதாரிகள்’ என்று திருத்தினேன்.