உரோமில் கற்ற மொழிகளும் வடக்கன்குளத்தில் கற்ற தமிழும்

சாரல் காலத்தில் குற்றாலத்து அருவிக்கரையில் சிறிது நேரம் நின்றால் போதும். பல மொழிகள் நம் செவியில் வந்து விழும். 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதியாக இருந்த செங்கோட்டை நமக்கு அண்டை ஊர். ஆதலின் மலையாளம் நம்மவர்க்கு அயல்மொழியே அன்று. திரிகூடராசப்பக் கவிராயர் படைத்த குறவஞ்சியின் குறத்தியும் நாடு பல சுற்றி வந்தவளே. பிறமொழியைக் கண்டு அஞ்சாத மண் இது.

இம்மண்ணிலிருந்து பட்டப்படிப்புக்குச் செல்லும் மாணவரோ, “பிரெஞ்சும் ஜெர்மனும் படித்து என்ன பயன்? என்ன வேலை கிடைக்கும்?” என்று வினவுகின்றனர். பெற்றோர் கேட்பதும் அதுவே. வினா நியாயமானது, அதனை இகழ்தல் தகாது. எனினும் அதற்குரிய விடையை வேலைவாய்ப்புப் பட்டியலில் தேடுவதினும் வரலாற்றில் தேடுவது நன்று என்பது என் கருத்து.

முதற்சான்று கால்டுவெல். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில், கிரேக்கப் பேராசிரியர் சர் டேனியல் சாண்ட்ஃபோர்டின் வகுப்புகளே மொழிகளை ஒப்பிட்டு நோக்கும் ஆர்வத்தை அவருக்கு ஊட்டின. 1841இல் இடையன்குடிக்கு வந்த அவர், 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். கிரேக்கம் கற்ற ஒரு மாணவனின் உழைப்புத் தமிழின் தொன்மையை உலகறியச் செய்தது. இஃது அயலார் ஒருவர் நம் மொழியைக் கற்றதன் விளைவு. நம்மவர் ஒருவர் அயல்மொழிகளைக் கற்றதன் விளைவு யாது? அதற்குச் சான்று தனிநாயகம் அடிகள்.

1913 ஆகஸ்டு 2ஆம் நாள் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னில் பிறந்தவர் அடிகள். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கற்றபின், 1934 முதல் 1939 வரை உரோமில் பயின்றார்; 1938இல் குருப்பட்டம் பெற்றார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, ஜெர்மன், இசுப்பானியம், போர்த்துக்கீசியம் எனப் பல மொழிகள் அவர்க்கு வசமாயின. ஆயினும் தாய்மொழியின் இலக்கியக் கருவூலம் அவர்க்கு அப்போது திறவாத பேழையாகவே இருந்தது. 1940இல் நம் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றபோதுதான் அவர் தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்த ஒருவர், முப்பது வயதை நெருங்கும் பருவத்தில் ஒரு தமிழ்ப் பண்டிதர்முன் மாணவராய் அமர்ந்தார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்று தமிழில் முதுகலைப் பட்டமும் ஆய்வுப் பட்டமும் பெற்றார்.

இவ்விரு கல்வியும் சேர்ந்து என்ன செய்தன என்பதே நாம் கருத வேண்டுவது. சங்கப் பாடல்களின் இயற்கையைக் கிரேக்க, இலத்தீன் கவிதைகளோடு ஒப்பிட்டுக் காணும் கண் அவர்க்கு வாய்த்தது. 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில இதழைத் தொடங்கி, உலக அறிஞர்முன் தமிழை நிறுத்தினார். இலங்கைப் பல்கலைக்கழகத்திலும், 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறையிலும் பணியாற்றினார்.

1954இல் வத்திக்கான் நூலகத்தில் அவர் கண்டெடுத்த நூல் ஒன்று தனியே குறிக்கத் தக்கது. அந்தாவோ தெ புரோயென்சா என்னும் பாதிரியார் தொகுத்து, அவர் மறைவுக்குப்பின் 1679இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ் – போர்த்துக்கீசிய அகராதி அது. அடிகளின் முயற்சியால் அதன் நிழற்படப் பதிப்பு 1966இல் கோலாலம்பூரில் வெளிவந்தது. 1554இல் லிஸ்பனில் உரோமன் எழுத்தில் தமிழை அச்சிட்ட ‘கார்த்தில்யா’ நூலைப் பற்றியும், 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பற்றியும் அவர் எழுதித் தமிழ் அச்சின் தொடக்க வரலாற்றை விளக்கினார். போர்த்துக்கீசியம் அறியாத தமிழறிஞர் கையில் அந்நூல்கள் கிடைத்திருப்பினும் அவற்றின் பயன் முழுமையாய் விளங்கியிராது. தமிழறியாத போர்த்துக்கீசியர்க்கும் அவ்வாறே. இரண்டும் அறிந்த ஒருவர் தேவைப்பட்டார்.

1964 சனவரியில் புதுதில்லியில் கீழ்த்திசையியலாளர் மாநாடு கூடியபோது உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா அதன் தலைவரானார். செக் நாட்டறிஞர் கமில் சுவலபிலும் அடிகளும் பொதுச் செயலாளராயினர். 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு நிகழ்ந்தது. அறிஞர்களோடு அவரவர் மொழியில் உரையாட வல்ல தமிழர் ஒருவர் இருந்தமை இவ்வொற்றுமைக்குப் பெருந்துணை ஆயிற்று. 1980 செப்டம்பர் முதல் நாள் அடிகள் மறைந்தார்.

இனி, இன்றைய மாணவர்க்கு வருவோம். ஐதராபாத்தின் ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகத்திலும் தில்லியின் சவகர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் அயல்மொழிகளைப் பட்ட நிலையில் கற்கலாம். மொழிபெயர்ப்பு, உரைபெயர்ப்பு, சுற்றுலா, பன்னாட்டு வணிகம், ஆசிரியப் பணி ஆகியன அதனால் திறக்கும் வாயில்கள். இந்திய அயலுறவுப் பணியில் சேர்வோர் ஓர் அயல்நாட்டு மொழியைக் கற்றே ஆகவேண்டும். இவை வயிற்றுக்கு வழி; தேவையானவையே.

ஆனால் தமிழ்த்துறை மாணவர்க்கு மற்றொரு வாயிலும் உண்டு. 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரரின் ஆவணங்களுள் ஒரு பகுதி சென்னை எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்குவின் மடல்கள் ஜெர்மனியின் ஆலே நகரில் உள்ளன. நம் துறைமுகங்களையும் நம் முன்னோரையும் பற்றிய செய்திகள் டச்சிலும் ஜெர்மனிலும் போர்த்துக்கீசியத்திலும் உறங்குகின்றன. அவற்றைப் படிக்கும் தமிழர் மிகச் சிலர்.

இதனை எழுதும்போது என் குறையையும் மறைத்தல் முறையன்று. முனைவர்ப் பட்டத்திற்கு ஆய்ந்த நாளில் ஐரோப்பிய மூலம் ஒன்றைக் காண நேர்ந்தபோது, ஆங்கிலப் பெயர்ப்பையே நான் நம்ப வேண்டியதாயிற்று. பெயர்ப்பாளர் விட்ட சொல் எது, திரித்த சொல் எது என அறிய எனக்கு வழியில்லை. பிறர் கண்ணால் பார்த்து என் ஆய்வை எழுதினேன். என் மாணவியர்க்கு அந்நிலை வரலாகாது என்பதே என் ஆசை.

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு கண்டு மகிழும் இவ்வேளையில், உறுப்பினர்க்கும் கவிஞர் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். நம் இல்லத்துப் பிள்ளைகளுள் ஒருவராவது அயல்மொழி ஒன்றைப் பல்கலைக்கழகத்தில் முறையாகக் கற்க நாம் ஊக்குவோம். அவர் தமிழை விடாதிருக்கவும் துணை நிற்போம். அடிகளின் வாழ்வில் இவ்விரண்டும் சேர்ந்தபோதுதான் தமிழுக்குப் பயன் விளைந்தது. அவர் தமிழ் கற்ற வடக்கன்குளம் நமக்குத் தொலைவில் இல்லை.