இலவச விழாக்களின் கணக்கு

இலவச விழா என்றவுடன், செலவை யார் ஏற்றார் என்று கேட்பது வரலாறு படிப்போரின் வழக்கம். இராமநாதபுரம் அரண்மனை நவராத்திரியையும் அவ்வாறே நோக்க வேண்டியிருக்கிறது. மைசூர்ப் படையெடுப்பின்போது துணைநின்றமைக்காகத் திருமலை நாயக்கர் ரகுநாத சேதுபதிக்கு அளித்த உரிமை இவ்விழா என்பது மரபுவழிச் செய்தி. புலவர் அவை, இசை, ஆடல், அன்னதானம் என வளர்ந்த அவ்விழாவை 1892இல் பாஸ்கர சேதுபதி (1868–1903) பெருஞ்சிறப்புடன் நடத்தினார். தமிழ்ப் புலவர்களை ஆதரித்த வள்ளல் என அவரைப் போற்றுகிறோம், தகும். ஆயினும் அவ்வள்ளன்மைக்கு ஊற்று, வானம் பார்த்த சீமையின் குடியானவர் கட்டிய தீர்வை. அது போதாதபோது கடன். சில ஆண்டுகளிலேயே ஜமீன் கடனில் மூழ்கியது.

ஏறத்தாழ நூறாண்டு கழித்து வீதிக்கு வந்த இலவச விழா வேறு வழி கண்டது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1980இல் தொடங்கிய கலாஜாதா, நாடகம், பாட்டு, கதை வழியாக அறிவியலையும் இயற்கைப் பாதுகாப்பையும் ஊர்தோறும் கொண்டுசென்றது. கட்டணமில்லை, வரவேற்ற ஊரார் பரிஷத்தின் நூல்களை வாங்கி விற்றுச் செலவை ஈடுகட்டினர். (புலவர் பரிசிலைவிட எனக்கு உவப்பான ஏற்பாடு இது!) 1987இல் நாடளாவிய மக்கள் அறிவியல் பயணம், நச்சுவாயு பலிகொண்ட போபாலில் நிறைவுற்றது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் முன்னின்ற 1990களின் அறிவொளி, அக்கலைப்பயண முறையைச் சேதுபதி சீமைக்கும் கொண்டுவந்தது. தொண்டர்கள் ஊதியம் பெறவில்லை. நிதி மத்திய, மாநில அரசுகளுடையது. அதாவது, மீண்டும் குடிமக்களின் வரிப்பணமே. இம்முறை கணக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் இருந்தது.