அடையாற்றின் ஆய்வுக் கட்டுரைகளும் வெற்றிலைத் தட்டமும்

சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் 1954 யூன் 18 அன்று பன்னிரண்டு கட்டில்களோடு இயங்கத் தொடங்கியது. தங்கையை 1923இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வைத்தியர் முத்துலட்சுமி ரெட்டி, அப்படியொரு வைத்தியசாலைக்காக நெடுங்காலம் அலைந்தவர். அதை வளர்த்தெடுத்தவர்கள் அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியும் 1955இல் வந்து சேர்ந்த சாந்தாவும். 1957இல் கனடா கோபால்ட்-60 கருவி ஒன்றை அன்பளித்தது. பழைய எக்ஸ்-கதிர்க் கருவிகள் தோலைச் சுட்டுவிடும், ஆழத்துக்குப் போகா. கோபால்டின் காமாக் கதிர் தோலை அவ்வளவாகத் தாக்காமல் உள்ளே இறங்கும். தமிழ்நாட்டில் கதிர்ச்சிகிச்சை ஓர் ஆய்வுத் துறையாக வேர்விட்டது இந்தக் கருவியைச் சுற்றித்தான்.

அந்த நாளில் அங்கு வந்தவர்களில் பெருந்தொகையானோர் கன்னத்தின் உட்புறம் புண்ணாகிப் புரையோடிய நிலையில் வந்த ஏழைகள். இந்தக் கன்னப் புற்றுநோய் மேற்குலகில் அரிது. ஆகவே இலண்டன் நூல்களில் இதற்கு விடை கிடையாது, விடையை அடையாற்றிலேயே தேடவேண்டியிருந்தது. தேடல் இரண்டு தடங்களில் நடந்தது.

முதலாவது, நோய் எதனால் வருகிறது என்பது. சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் வாய்ப் புற்றுநோயாளரின் வெற்றிலை, புகையிலைப் பழக்கங்களை ஆராய்ந்து 1959இல் பிரித்தானியப் புற்றுநோய் இதழில் எழுதினர். தொண்டையையும் உணவுக்குழாயையும் சேர்த்து 1963இல் அதே இதழில் விரிவாக எழுதினர். இரண்டாவது, முற்றிய கட்டியைக் கதிர் மட்டும் கரைக்காவிட்டால் என்ன செய்வது என்பது. கதிரோடு மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சை பற்றிய கட்டுரை 1971இல் அமெரிக்காவின் ‘ரேடியோலஜி’ இதழில் வந்தது. ஜப்பானில் கண்டறியப்பட்ட பிளியோமைசின் மருந்தைக் கதிரோடு கொடுத்த பரிசோதனையின் முடிவுகள் அதன்பின் வெளிவந்தன. தலை, கழுத்துப் புற்றுநோய்களுக்கான 63 பரிசோதனைகளையும் 10,741 நோயாளரையும் ஒன்றாக நோக்கிய தொகுப்பாய்வு 2000இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. மருந்தைக் கதிருக்கு முன்னோ பின்னோ கொடுப்பதைவிடக் கதிரோடு கொடுப்பதே கூடிய பயன் தருகிறது என்று அது காட்டியது. அந்த வழியில் அடையாறு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே நடக்கத் தொடங்கியிருந்தது.

ஓர் ஆய்வாளரின் உழைப்பை அவரைப் பிறர் எத்தனை தடவை மேற்கோள் காட்டினர் என்று எண்ணிப் பார்க்கும் வழக்கம் இந்த ஆய்வுகளுக்குச் சமகாலத்தது. யூஜின் கார்ஃபீல்ட் 1955இல் முன்வைத்த யோசனை 1960களில் பிலடெல்பியாவிலிருந்து அறிவியல் மேற்கோள் அட்டவணையாக வெளிவந்தது. 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் ‘எச்-சுட்டெண்’ என்ற அளவையைச் சேர்த்தார். ஒருவரின் கட்டுரைகளில் இருபது, ஒவ்வொன்றும் இருபது தடவையாவது மேற்கோளானால் அவருடைய எண் இருபது. பதவி உயர்வுக்கும் நிதிக்கும் இன்று இந்த எண்ணைப் பார்க்கிறார்கள். கணக்குச் சரிதான், ஆனால் எல்லா மேற்கோளும் ஒரே எடை அல்ல. பழந்தமிழ் நூல்களான வளையாபதியும் தகடூர் யாத்திரையும் இன்று நமக்குக் கிடைப்பது உரையாசிரியரும் தொகுப்பாசிரியரும் எடுத்தாண்ட சில பாடல்களால் மட்டுமே. எத்தனை பேர் எடுத்தாண்டார்கள் என்பதைவிட யார், எங்கே எடுத்தாண்டார்கள் என்பதே அங்கு பெரிது.

1959, 1963 கட்டுரைகளுக்கும் அதுவே நேர்ந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இல் வெற்றிலைப் பழக்கத்தை ஆராய்ந்தபோது எடுத்துக்கொண்ட ஆசிய ஆய்வுகளுள் அவையும் இருந்தன. புகையிலை சேர்த்த வெற்றிலை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று அப்போது தீர்ப்பாயிற்று. 2004இல் புகையிலை இல்லாத வெற்றிலைக்கும் தனிப் பாக்குக்கும் அதே தீர்ப்பு எழுதப்பட்டது. இதழ் மேற்கோள்களை எண்ணப் பிறந்த அட்டவணையில் இப்படிப்பட்ட தீர்ப்பின் கனம் ஒன்று, இரண்டு என்றுதான் விழும், சிலவேளை விழவும் விழாது. 1982 தொடக்கம் சென்னை நகரின் புற்றுநோய்ப் பதிவேட்டை அடையாறு ஆண்டுதோறும் நிரப்பி வந்த உழைப்புக்கும் இதே கதி. கட்டுரை எண்ணிக்கையில் அது சிறிது, அதை நம்பி எழுதப்பட்டவையோ பல.

சாந்தாவுக்கு 2005இல் மக்சாசே விருதும் 2016இல் பத்மவிபூஷணும் வழங்கப்பட்டன. கிருஷ்ணமூர்த்தி 2010இலும் சாந்தா 2021 சனவரி 19இலும் காலமாயினர்.

அடையாறு ஆராய்ந்த அதே வாய்ப் புற்றுநோய், இலங்கை ஆண்களிடமும் அதிகம் காணப்படும் புற்றுநோய்களுள் ஒன்று. வட இலங்கையின் துணுக்காய், மல்லாவிப் பக்கத்து நோயாளர் கதிர்ச்சிகிச்சைக்கு யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழை போன்ற தொலைவான ஊர்களுக்குப் போகவேண்டும். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் திறக்கப்பட்டது. பாக்கு மட்டும் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிறது.