வெட்டி ஒட்டிய படங்கள்: கலையா, பொய்யா?

‘கேமரா பொய் சொல்லாது’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஓவியர் தம் கற்பனைக்கு ஏற்ப எதையும் தீட்டலாம். கேமராவோ தன்முன் இருப்பதை மட்டுமே பதிவு செய்யும் என்பது இதன் கருத்து. இந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் சரியானது? ஒளிப்படத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், ஒட்டுவேலை அதன் இளமைப் பருவத்திலேயே தொடங்கிவிட்டது தெரியவரும்.

1850-களில் ஒளிப்படம் எடுக்கக் கொலோடியன் பூசிய கண்ணாடித் தகடுகளைப் பயன்படுத்தினர். இத்தகடு நீல ஒளியை மிக விரைவாகப் பற்றிக்கொள்ளும். பச்சை, சிவப்பு நிறங்களை அது பெரும்பாலும் உணராது. ஆகவே தரைக்காட்சி தெளிவாகப் பதியும்வரை காத்திருந்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். வானத்தின் மேகங்கள் பதிந்தவுடன் நிறுத்தினாலோ தரை இருண்டுவிடும். பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே தம் கடற்காட்சிகளில் இதற்கு ஒரு வழி கண்டார். வானத்துக்கு ஒரு நெகடிவ், கடலுக்கு ஒரு நெகடிவ். இரண்டையும் தொடுவானக் கோட்டில் இணைத்து ஒரே தாளில் அச்சிட்டார். பொய் சொல்லவா இப்படிச் செய்தார்? இல்லை. கண் கண்டதைத் தகட்டால் காட்ட முடியாத குறையை நிறைவு செய்தார்.

1857-இல் மான்செஸ்டர் கலைக் கண்காட்சியில் ஆஸ்கர் ரெய்லாண்டர் என்பவர் ‘வாழ்வின் இரு வழிகள்’ என்ற படத்தை வைத்தார். முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களைச் சேர்த்து அது உருவாக்கப்பட்டிருந்தது. தாளின் ஒரு பகுதியில் மட்டும் ஒளி படும்படி மற்ற பகுதிகளை மறைத்து, ஒவ்வோர் உருவமாக அச்சிட்டார். விக்டோரியா அரசியே அதன் பிரதி ஒன்றை வாங்கினார்! அடுத்த ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன், ஐந்து நெகடிவ்களைக் கொண்டு, மரணப்படுக்கையில் கிடக்கும் இளம்பெண்ணின் படத்தை உருவாக்கினார். உண்மையில் அந்தப் பெண் நோயாளி அல்லள், நடித்தவள். ஆயினும் இத்தகைய துயரத்தைப் படமெடுக்கலாமா என்று சிலர் கண்டித்தனர். இதே காட்சியை ஓவியர்கள் தீட்டியபோது எழாத கண்டனம் இது. ஒளிப்படம் என்றவுடன் மக்கள் அதைச் சாட்சியாகவே ஏற்றுக்கொண்டனர் என்பதை இங்கே கவனியுங்கள்.

முதல் உலகப் போருக்குப் பின் பெர்லின் நகரக் கலைஞர்கள் இந்தச் சாட்சியத்தையே கலைத்துப் போட்டார்கள். ஹன்னா ஹோக், ராவுல் ஹவுஸ்மன், ஜான் ஹார்ட்ஃபீல்ட் போன்றோர் பத்திரிகைப் படங்களைக் கத்தரித்து, புதிய பொருள் தோன்றும்படி ஒட்டினர். இதற்கு ‘ஃபோட்டோமான்டாஜ்’ என்று பெயர். மான்டாஜ் என்றால் இயந்திர உறுப்புகளைப் பூட்டி இணைத்தல்; தங்களைத் தொழிற்சாலைப் பொறியாளர்களோடு ஒப்பிட்டுக்கொள்வதில் அவர்களுக்கு ஒரு பெருமிதம்!

1932-இல் ஹார்ட்ஃபீல்ட் வெளியிட்ட படம் ஒன்றில் ஹிட்லர் முழங்குகிறார். அவர் உடலுக்குள் எக்ஸ்-ரேயில் தெரிவதுபோல் முதுகெலும்பு தெரிகிறது. ஆனால் அது எலும்பு அன்று, அடுக்கிய நாணயங்கள். ஹிட்லருக்குப் பின்னால் பணமுதலைகள் இருக்கிறார்கள் என்று அது சொல்லாமல் சொன்னது. அதைப் பார்த்த எவரும் ஹிட்லர் நாணயம் விழுங்கியதாக நம்பியிருக்க மாட்டார். ஒட்டு வெளிப்படையாக இருந்தது. கருத்து மட்டுமே குத்தியது. 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஹார்ட்ஃபீல்ட் பிராகா நகருக்குத் தப்பியோட நேர்ந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியைச் சோவியத் நாட்டில் காணலாம். மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலினுக்கு அருகே நடந்து வந்தவர் இரகசியப் போலீஸ் தலைவர் நிக்கோலாய் யெஷோவ். அவர் 1939-இல் கைதாகி, 1940-இல் கொல்லப்பட்டார். பின்னர் வெளியான படத்தில் அவர் நின்ற இடத்தில் கால்வாய்த் தண்ணீர் மட்டுமே இருந்தது! இங்கே கத்தரியும் தூரிகையும் ஒட்டை மறைப்பதற்காகவே உழைத்தன. ஒரு மனிதர் இருந்தார் என்ற செய்தியே அழிக்கப்பட்டது.

அப்படியானால், ‘இது ஒட்டுப்படம்’ என்று எழுதிவிட்டால் போதுமா? 1950-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். செனட்டர் மில்லார்ட் டைடிங்ஸ், முன்னாள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏர்ல் பிரௌடருடன் நெருங்கி நிற்பதுபோல் ஒரு படம் தேர்தல் பிரசுரத்தில் வெளியாயிற்று. இரண்டு தனித்தனிப் படங்களை இணைத்தது அது. இணைத்த படம் என்று கீழே குறிப்பும் இருந்தது. ஆனால் கண் முதலில் படத்தைப் பார்க்கிறது. சிறிய எழுத்துகளைப் பின்னர்தான் படிக்கிறது, பல வேளைகளில் படிப்பதே இல்லை. டைடிங்ஸ் தோற்றுப்போனார். தோல்விக்கு இப்படம் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. எனினும் செனட் குழு ஒன்று மறு ஆண்டு விசாரித்து, இச்செயலைக் கண்டித்தது.

இன்னும் நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு. 2003-இல் ஈராக் போரின்போது, அமெரிக்கப் பத்திரிகை ஒன்றின் ஒளிப்படக்காரர் அடுத்தடுத்து எடுத்த இரு படங்களைக் கணினியில் இணைத்து ஒன்றாக்கினார். இரண்டும் உண்மைப் படங்களே! ஆனால் இணைந்த படத்தில் இருந்த கணம் எங்கும் நிகழவில்லை. பின்னணியில் சிலர் இருமுறை தோன்றியதால் குட்டு வெளிப்பட்டது. அவர் வேலையை இழந்தார். செய்திப் படத்தில் வெளிச்சத்தைச் சற்றுத் திருத்தலாம், ஒரு பொருளைச் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்பது பெரிய செய்தி நிறுவனங்களின் விதி.

ஆக, குற்றம் கத்தரிக்கோலில் இல்லை. படம் வாசகருக்குத் தரும் வாக்குறுதியில்தான் இருக்கிறது. ‘இதை நான் கற்பனை செய்தேன்’ என்று சொல்லும் படம் கலை. ‘இது நடந்தது’ என்று சொல்லிவிட்டு, நடக்காததைக் காட்டும் படம் பொய். இன்று கத்தரியும் வேண்டாம், கேமராவும் வேண்டாம். சில சொற்களைத் தட்டினால் கணினியே படத்தை ஆக்கித் தந்துவிடுகிறது. ஆகவே அடுத்த முறை ஒரு படம் உங்களுக்குக் கோபமோ வியப்போ ஊட்டினால், அதைப் பிறருக்கு அனுப்பும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இதை எடுத்தவர் யார்? எங்கே, எப்போது எடுத்தார்? இதை நான் நம்பினால் பயனடைபவர் யார்? விடை கிடைக்கும்வரை அந்தப் படம் உங்களிடமே இருக்கட்டும்.