ஃபுளோரினும் நெல்லூர்க் கிணறுகளும்

பற்பசை டியூபின் பின்பக்கம் சின்ன எழுத்தில் ஃபுளோரைடு என்று போட்டிருக்கும். ஃபுளோரின் என்ற தனிமத்தின் உப்புதான் அது. அணு எண் 9, வெளிர் மஞ்சள் வாயு. ஹைட்ரஜனோடு சேர்ந்தால் கண்ணாடியையே அரிக்கும் அமிலமாகிவிடும். இதைப் பிரித்தெடுக்கப் போய் உயிரை விட்ட வேதியியலாளர்களும் உண்டு! கடைசியில் 1886 ஜூன் 26 அன்று பாரிசில் ஹென்றி மொய்சான் மின்னாற்பகுப்பு மூலம் பிரித்தார். 1906-ல் அவருக்கு நோபல் பரிசு.

இவ்வளவு பொல்லாத தனிமம் செட்டிகுளம் பக்கத்திலும் கல்லோடு கல்லாக அமைதியாக இருக்கிறது. காரை, ஊட்டத்தூர் களிமண்ணில் கிடைக்கும் பாஸ்பேட் உருண்டைகளை 1890-களிலேயே வார்த் என்ற புவியியலாளர் பதிவு செய்தார். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்ததே, அதன் மிச்சம். இவ்வகைக் கடல் பாஸ்பேட்டில் ஃபுளோரினும் கலந்தே இருக்கும். கல்லில் இருக்கும்வரை தொல்லை இல்லை. தண்ணீரில் அளவுக்கு மேல் கரைந்தால்தான் வினை.

அந்த வினையை இந்தியாவில் முதலில் விரிவாக எழுதியது நம்ம சென்னைதான். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் சில ஊர்களில் பிள்ளைகளுக்குப் பல் காவி ஏறியிருந்தது. பெரியவர்களுக்கு முதுகெலும்பு இறுகி, கழுத்தைத் திருப்ப முடியாமல், கூன் விழுந்து போனது. வாதம் என்று நினைத்து வைத்தியம் பார்த்தால் எப்படித் தீரும்? கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி மூவரும் 1937-ல் இந்தியன் மெடிக்கல் கெசட்டில் காரணத்தை எழுதினார்கள்: கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு. இத்தனைக்கும் அந்தத் தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும், வாடையும் கிடையாது.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம். பல்லைக் காப்பதற்கும் கெடுப்பதற்கும் நடுவே உள்ள இடைவெளி அவ்வளவு குறுகல்.

காரணம் தெரிந்தும் தீர்வு மெதுவாகத்தான் வந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்குக் காவிரித் தண்ணீர் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல்தான் தொடங்கி வைத்தார்கள். ஷார்ட் குழு எழுதி 76 வருடம்! அதற்கு முன்பே, 1970-களில், நாக்பூர் நீரி நிறுவனம் படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து ஃபுளோரைடைப் படியவைக்கும் நல்கொண்டா முறையைக் கொடுத்திருந்தது. காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கிருமிதான் சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய, பானையில் மிஞ்சும் தண்ணீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும்.