மூன்று 54: விற்றுவிட்டு வாங்குவதா, வாங்கிவிட்டு விற்பதா?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிறு என் பழைய மாணவன் ஒருவன் கோயம்புத்தூரிலிருந்து பேசினான். எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சு. இன்று இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. "சார், இருக்கிற வீட்டை வித்துட்டுப் புது வீடு தேடட்டுமா, இல்ல புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டு இதை விக்கட்டுமா?" என்று கேட்டான். நான் ஆசிரியப் பயிற்சிப் பட்டயம் படித்தவன், வக்கீல் அல்ல. ஆனால் வரலாறு நடத்தியவன். எனவே வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் நில விற்பனைகள் ஏராளம். நான்கு எல்லைகளையும் வரிசையாகச் சொல்லி, விலையைச் சொல்லி, ஆவணக்களரியில் பணத்தை முழுதாகப் பெற்றுக்கொண்டதாக எழுதுவார்கள். விற்றதற்கு ஓர் ஓலை. பணம் முழுவதும் தீர்ந்தது என்பதற்குப் 'பொருள்மாவறுதிப் பொருட்செலவோலை'. அந்த நீண்ட சொல்லைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு உங்களை வாசிக்கச் சொன்னது நினைவிருக்கிறதா? பணமும் ஓலையும் சேர்ந்தே கைமாற வேண்டும் என்ற கவனம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

நம் தாத்தா காலம் வரை குடியிருக்கும் வீட்டை விற்பது என்பது கடைசி வழி. கடன் கழுத்தை நெரித்தாலோ, பெண்ணின் கல்யாணம் நின்றுபோகும் என்றாலோதான் விற்பார்கள். 'வீட்டை விற்ற குடும்பம்' என்ற சொல்லுக்குப் பயந்தார்கள். விற்று, உடனே இன்னொன்று வாங்குவது என்ற பழக்கம் உத்தியோகமும் இடமாற்றமும் பெருகிய பிறகு வந்தது. 1977இல் எச்.டி.எஃப்.சி. தொடங்கி, பிறகு வங்கிகளும் வீட்டுக்கடன் கொடுக்க முன்வந்ததும், மாதச் சம்பளக்காரர்களும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் தாவலாம் என்றாயிற்று. தாவும்போது கால் அந்தரத்தில் நிற்கும் நேரம் ஒன்று உண்டல்லவா? மாணவன் கேட்ட கேள்வி அதைப் பற்றியதுதான்.

இதற்கு மூன்று சட்டங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேடிக்கை என்னவென்றால் மூன்றிலும் எண் 54. பரீட்சைக்குப் போல மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

முதல் 54: 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவு. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலம், வீட்டைப் பதிவுப் பத்திரம் மூலமாகத்தான் விற்க முடியும் என்கிறது. வெறும் கிரய ஒப்பந்தம் அந்தச் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்றும் சொல்கிறது. அதாவது, அட்வான்ஸ் கொடுத்த வீடு இன்னும் உங்கள் வீடு இல்லை. அதேபோல, அட்வான்ஸ் வாங்கிய உங்கள் வீடு, பத்திரம் பதிவாகும் நாள் வரை உங்களுடையதுதான். தமிழ்நாட்டில் 2012 முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். வெள்ளைத்தாள் ஒப்பந்தத்தை நம்பாதீர்கள்.

இரண்டாவது 54: 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில். மூலதன ஆதாய வரி முதலில் 1947 பட்ஜெட்டில் லியாகத் அலி கான் கொண்டுவந்தது. இரண்டே ஆண்டில் அது போயிற்று. 1956இல் கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் கால்டார் பரிந்துரைக்க, நம்மூர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்தபோது திரும்பி வந்தது. ஆனால் குடியிருந்த வீட்டை விற்று இன்னொரு வீடு வாங்குபவன் வியாபாரி அல்லவே? அதற்காகத்தான் இந்த 54. முதலில், தானோ தன் பெற்றோரோ குடியிருந்த வீட்டுக்கு மட்டும் சலுகை. வாங்க ஓர் ஆண்டு, கட்ட இரண்டு ஆண்டு. அவகாசம் போதாது என்று பிறகு நீட்டினார்கள். இப்போது, விற்பதற்கு ஓர் ஆண்டு முன்னாலோ இரண்டு ஆண்டு பின்னாலோ வாங்கலாம். மூன்று ஆண்டுக்குள் கட்டலாம். வரிக்கணக்கு தாக்கல் செய்யும் கெடுவுக்குள் வீடு அமையாவிட்டால், பணத்தை 1988இல் வந்த மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தில் வங்கியில் போட்டுவைக்க வேண்டும். சாதாரண சேமிப்புக் கணக்கில் போட்டால் சலுகை போய்விடும். 2025இல் இயற்றிய புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் மாறிவிட்டது; ஆடிட்டரிடம் பழைய எண்ணைச் சொன்னாலும் புரிந்துகொள்வார்.

மூன்றாவது 54: 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் அட்டவணையில். ஒப்பந்தப்படி கிரயம் செய்து தரச் சொல்லி வழக்குப் போட மூன்று ஆண்டுதான். அப்போதும், நான் பணத்தோடு தயாராக இருந்தேன் என்று வாங்குபவர் நிரூபிக்க வேண்டும். பழைய வீடு விற்றால்தான் பணம் என்ற நிலையில் இருப்பவர் எதைக் காட்டுவார்?

சட்டம் இரண்டு வழிக்கும் இடம் கொடுக்கிறது. வாழ்க்கை அப்படிக் கொடுப்பதில்லை. என் சித்தப்பா மகன் 2008இல் திருச்சியில் புது வீட்டுக்கு ஐந்து லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பழையதை விற்கக் கிளம்பினான். ஆறு மாதக் கெடு. ஐந்தாவது மாதம் வந்தவர், இவன் அவசரத்தைத் தெரிந்துகொண்டு இரண்டு லட்சம் குறைத்துக் கேட்டார். கொடுத்தான்.

நான் செய்தது அதற்கு நேர்மாறு. இதுவரை இங்கே எழுதியதில்லை. 1995இல் பிள்ளைகள் படிப்புக்காகத் தஞ்சாவூர் போக வேண்டும் என்று மன்னார்குடியில் அப்பா கட்டிய வீட்டை விற்றேன். 'கையில் காசு இருந்தால் பேரம் பேசலாம்' என்பது என் கணக்கு. ஒரு வீட்டில் வில்லங்கம், ஒன்றில் பட்டா பிரியவில்லை, ஒன்றில் அண்ணன் கையெழுத்துப் போட்டார், தம்பி போடவில்லை. பதினான்கு மாதம் ஓடியது. விலை ஏறிக்கொண்டே போனது, என் பணம் அப்படியே இருந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. "வாடகை வீட்டுல என் உசுரு போகக் கூடாது தம்பி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பதினோராவது மாதம் போய்விட்டார்.

அந்த வீட்டுக்காரர் நல்ல மனிதர். நான் கேட்பதற்கு முன்பே, "கூடத்துலயே வைங்க சார், எல்லாக் காரியமும் இங்கேயே பண்ணுங்க" என்றார். மூன்று மாதம் கழித்து நாங்கள் வாங்கிய வீட்டில் அம்மாவின் படம் மட்டும் வந்தது. இரண்டாவது 54ஐப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் பாடம் எடுப்பதற்காகப் படித்தபோது, 1961இல் எழுதியவர்கள் 'பெற்றோர் குடியிருந்த வீடு' என்பதை நினைத்து எழுதியிருந்ததைப் பார்த்தேன். எனக்குத்தான் நினைவில்லாமல் போயிற்று.

அதனால் என் மாணவனுக்குச் சொன்னது இது. முதலில் உன் வீட்டுக்கு ஆள் பிடி, ஒப்பந்தம் போடு, ஆனால் பத்திரம் பதிய ஐந்து ஆறு மாதம் அவகாசம் கேள். நியாயமான ஆள் கொடுப்பார். அதற்காகச் சிறிது விலை குறைந்தாலும் பரவாயில்லை. அந்த ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு புது வீடு தேடு. வில்லங்கமும் தாய்ப்பத்திரமும் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடு. அந்தக் கெடு, உன் வீட்டுக் கெடுவுக்குக் கொஞ்சம் பிந்தியே இருக்கட்டும். இரண்டு பத்திரத்தையும் ஒரே வாரத்தில் பதியப் பார். சம்பளமும் சேமிப்பும் தாங்கும் என்றால் மட்டும் முன்னால் வாங்கு. ஓய்வூதியக்காரர்கள் அதைச் செய்யவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று கேட்டேன்: "வீட்டில் பெரியவர்கள் யார் இருக்கிறார்கள்?" "அப்பா மட்டும் சார்" என்றான். "முதலில் அவரிடம் கேள். பிறகு எனக்குப் போன் பண்ணு" என்றேன். இன்னும் பண்ணவில்லை. காத்திருக்கிறேன்.

உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள், யாருக்காவது உதவும்.

நலமுடன் இருங்கள்.
உங்கள் வாத்தியார்