படத்தில் உள்ள பூ எந்த மாதத்துப் பூ?

திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் கொடுத்தது பாதிரி மரம். சிதம்பரத்தின் பழைய பெயர் தில்லை. அதுவும் மரத்தின் பெயர்தான். ஒரே மாவட்டத்தில் இரண்டு பெரிய தலங்களுக்கு மரங்களே பெயர் தந்திருக்கின்றன. ஆனால் பாதிரி எந்த மாதம் பூக்கும், தில்லை எப்போது இலை உதிர்க்கும் என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் நம்மில் எத்தனை பேர் உடனே பதில் சொல்வோம்?

செடி கொடிகளின் படங்களை வைத்து மாதக் காலண்டர் செய்யும் வழக்கம் பழையது. லண்டனில் ராபர்ட் ஃபர்பர் என்ற நாற்றங்கால் வியாபாரி 1730-இல் பன்னிரண்டு படங்கள் வெளியிட்டார். ஓவியர் பீட்டர் காஸ்டீல்ஸ். மாதத்துக்கு ஒரு பூச்சாடி. அந்த மாதம் பூக்கும் பூக்கள் அதில். ஒவ்வொரு பூவுக்கும் எண் போட்டு, கீழே பெயரும் கொடுத்திருந்தார். பார்க்க அழகான ஓவியம், உண்மையில் விற்பனைப் பட்டியல். ஜனவரியில் என்ன பூக்கும் என்று பார்த்துச் செடி வாங்கலாம்.

நம் கரைக்கும் அப்படிப்பட்ட படங்கள் உண்டு. லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். சிதம்பரத்துக்குத் தெற்கே, சீர்காழி தாண்டினால் தரங்கம்பாடி. அவரோடு பழகிய வில்லியம் ராக்ஸ்பர்க், 'சோழமண்டலக் கரைத் தாவரங்கள்' என்ற நூலை 300 படங்களோடு தந்தார். அது 1795 முதல் 1820 வரை லண்டனில் வெளியானது. அடுத்த தலைமுறையில் ராபர்ட் வைட். நாகப்பட்டினத்திலும் பணியாற்றிய இந்த மருத்துவர் 1838 முதல் 1853 வரை சென்னையில் 2,101 படங்களை அச்சிட்டார். அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரு தெலுங்கு ஓவியர்கள். ஒரு ஆர்க்கிட் இனத்துக்கு வைட் கோவிந்துவின் பெயரையே வைத்தார். ராக்ஸ்பர்க்குக்கு வரைந்த நம்மவர்களின் பெயர்களோ நமக்குக் கிடைக்கவில்லை.

இந்தப் படங்களை மாத வாரியாக அடுக்கினால் நமக்கும் ஒரு காலண்டர் கிடைத்துவிடாதா? அங்கேதான் சிக்கல். ஃபர்பரின் படத்தில் ஒரு மாதத்துக்குப் பல பூக்கள். தாவரவியல் படத்தில் ஒரு தாளுக்குள் பல மாதங்கள். பூ, பிஞ்சு, வெட்டிய காய், விதை எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வேப்பம்பூவைப் பங்குனியில் வரைந்தால் பழத்துக்கு ஆடி வரை காத்திருக்க வேண்டும். தில்லைக்கு இன்னும் சங்கடம். அதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஒரு முழுப் படத்துக்கு இரண்டு மரங்களைத் தேட வேண்டும். பால் கண்ணில் படாமல் கிளை ஒடிக்கவும் வேண்டும். செடியை அடையாளம் காட்டத்தான் இந்தப் படங்கள் வரையப்பட்டன. மாதத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

அந்த இடம் உலர்தாவரத் தாள். செடியை அழுத்திக் காயவைத்து ஒட்டி, எடுத்த ஊரையும் தேதியையும் ஓரத்தில் எழுதிவைப்பார்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினட் தாவரக் காப்பகத்தை உருவாக்கிய பாதிரியார் கே. எம். மேத்யூ, தமிழகத்துக் கர்நாடகச் சமவெளியின் தாவரங்களை ஊர் ஊராகத் திரட்டி, 1982-இல் படத் தொகுதியையும் 1983-இல் தாவர விவரத் தொகுதியையும் வெளியிட்டார். படத்தையும் தேதியையும் சேர்த்து வைத்தால்தான் காலண்டர் பிறக்கும்.

நம் பகுதிக்கு அது எப்படி இருக்கும்? தையிலும் மாசியிலும் பண்ருட்டிப் பக்கம் முந்திரிப் பூ. பங்குனியில் வேம்பும் இலுப்பையும். சித்திரை, வைகாசியில் சரக்கொன்றை. வெயிலோடு பாதிரியும் பூக்கும், பலாப்பழமும் சந்தைக்கு வரும். ஆடியில் வேப்பம்பழம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலியோரம் செங்காந்தள். கார்த்திகைப் பூ என்று நாம் சொல்வதே ஒரு காலண்டர்தான். மார்கழியில் வாசல் கோலத்தில் பூசணிப் பூ. ஐரோப்பியரின் நான்கு பருவங்களில் இதை அடைக்க முடியாது. அங்கே குளிருக்கு முன் இலை உதிரும். இங்கே பல மரங்கள் வெயிலுக்கு முன் உதிர்க்கும். நம் ஆண்டின் பெருமழை வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது.

இது வெறும் ஆசைக்குச் செய்யும் வேலை இல்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் வந்தது மார்கழியில். முந்திரி பூக்க வேண்டிய நேரம். பல தலைமுறையாக நின்ற முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பிறகு நட்ட ஒட்டுக்கன்றுகள் பழைய மரங்கள் பூத்த நாளில்தான் பூக்கின்றனவா? பழைய தேதி எழுதி வைக்கப்படாத தோப்பில் ஒப்பிட வழியே இல்லை. கேரளத்தில் விஷுவுக்கு முன்பே கொன்றை பூத்துவிடுகிறது என்று பேசுகிறார்கள். விஷு என்ற நிலையான நாள் இருப்பதால்தான் அந்த மாற்றம் கண்ணில் பட்டது. நமக்கும் சித்திரை முதல் நாள் வேப்பம்பூப் பச்சடி இருக்கிறது. அன்று தெருவில் புதுப் பூ கிடைத்ததா, முன்பே கொட்டிவிட்டதா என்பதே நல்ல குறிப்பு.

பள்ளிப் பிள்ளைகள் படம் வரையட்டும். தேதி நம்மைப் போன்றவர்களின் நினைவில்தான் இருக்கிறது. புதுவண்டிப்பாளையத்திலோ, கிள்ளையிலோ, எங்கே இருந்தாலும் சரி: உங்கள் தெருவின் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். முதல் பூ, முதல் காய், முதல் பழுத்த இலை. மூன்றையும் கண்ட நாளில் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுங்கள். கிழித்த தாளைத் தூக்கிப் போடாமல் ஒரு கம்பியில் கோத்து வையுங்கள்.